காண்பாரும் காணப்படுவாரும்

உயர்வு தாழ்வு என்னும் உணர்ச்சி மக்கள் உள்ளத்தில் இருவகையாக நின்று தொழிற்படும். ஒன்று, நூலானும் வழக்கானும் கற்றுக் காரணங் காட்டிச் சொல்லப்படுவது. மற்றொன்று, கற்ற நினைவே இன்றிக் கண்ணிலும் நாவிலும் உடம்பின் ஒடுக்கத்திலும் தங்கிக் கிடப்பது. முன்னையதனை வாதத்தால் மறுக்கலாம். பின்னையது வாதத்திற்கு அகப்படாது. தன்னிடத்து ஒரு நோய் உளதென்று அறியாதான் அதற்கு மருந்து தேடுமாறு எங்ஙனம்? சைவ நூலோர் இத்தகைய பழக்கத்தின் எச்சத்தை வாசனை என்னும் பெயரால் வழங்குவர். பெருங்காயம் இட்டு வைத்த பாண்டத்தினின்று அதனை முற்றும் எடுத்துக் கழுவிய பின்னரும் மணம் நீங்காது நிற்றலை அதற்கு உவமையாகக் கூறுவர். கொள்கையளவில் எல்லாரும் சிவனடியாரே என்று ஒப்புக்கொண்ட உள்ளத்திலும் குலவேறுபாடு இவ்வாறே மணந்துகொண்டிருத்தல் கூடும்.

இவ்வுண்மை பிற்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. திருத்தொண்டர் வரலாறுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பயில்வார்க்கு இது வெளிப்படும். அவ்வரலாறுகளைச் சொல்லிவந்தவர்களின் கால வேற்றுமையைக் கருதுவார்க்கு இன்னும் நன்கு புலனாகும்.

முதற்கண் நமிநந்தியடிகள் வரலாற்றை நோக்குக. ஏமப்பேறூரில் அந்தணர் குலத்துத் தோன்றிய இவர், திருவாரூரில் நீரால் விளக்கெரித்த பெருமையுடையார். திருநாவுக்கரசு நாயனாரால் திருவாரூர்ப் பதிகத்துள் வைத்துப் போற்றப்பெற்றார். இவரது அன்பில் ஐயுறுதற்கு இடமில்லை. அங்ஙனமாகவும், ஒருநாள் திருவாரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளியபோது எல்லாக் குலத்தினரும் கலந்து உடன் செல்ல, இவரும் அவருள் ஒருவராய்ச் சென்று வணங்கி இரவில் தம் ஊர்க்கு மீண்டார். மீண்டவர் இல்லத்துட் புகவில்லை, புறங்கடையிலே தங்கினார். மனைவியார் வந்து பூசைக்கு அழைத்தபொழுது, பலரோடுங் கலந்தமையால் தூய்மை கெட்டதென்றும், நீராடிய பின்னரே உட்புகவேண்டுமென்றும் கூறி நீர் கொணர்விக்க முற்பட்டார்.

ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. பகல் முழுதும் அவர் அக்கூட்டத்துடன் நடந்தார். அவர்கள் தொழுத இறைவனையே தாமும் தொழுதார். அப்பொழுது வெறுப்பு எதுவும் அவரிடம் தோன்றியதாகச் சேக்கிழார் சுவாமிகள் கூறிற்றிலர். ஒருவரையும் அவர் இகழ்ந்ததுமில்லை. வீட்டு வாயிலை அடைந்ததும் கால் தானே நின்றது. நிறுத்தியது கொள்கை அன்று, பழக்கமே. இறைவன் அன்றிரவு கனவில் தோன்றித் திருவாரூர்ப் பிறந்தாரெல்லாம் தம் கணங்களே எனவும், அதனை நீ காண்பாய் எனவும் அருளினான். அடிகள் விழித்தெழுந்து, நீராடாது இருந்தவாறே பூசையை முடித்தார். விடிந்தபின் திருவாரூர் சென்று நோக்க, அங்குப் பிறந்தார் அனைவரும் சிவசாரூபமுடையராய் விளங்கினர்; பின்னர் அவர் பண்டை உருவிலேயே தோன்றினர். அடிகள் தம் பிழையைப் பொறுத்தருள வேண்டி இறைவனைப் பணிந்தார்.

இவ்வரலாற்றில் மக்கள் மாறினாரல்லர். முன்னாட் கண்ட அதே மக்களே மறுநாளும் இருந்தனர். கண்ட கண் ஒன்றே மாறியது. குற்றம் காணப்பட்டாரிடத்து இல்லை, காண்பாரிடத்தே உளது என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

இனி, இத்தகைய பழக்கம் உள்ளத்துட் புகுமாறு யாங்ஙனம் எனின், அது பெரும்பாலும் சொல்லால் புகுவதன்று, இடத்தால் புகுவது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களில், ஊர்களின் நிலத்தை அளந்து இறை நீக்கிய பகுதிகளைக் கணக்கிடுமிடத்து, ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என நிரல்பட எழுதியிருத்தலைக் காணலாம். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்னும் பெயரும் வருகின்றது. எழுதிய அலுவலர்க்கு எவரையும் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததெனக் கருதவேண்டுவதில்லை. வாய்க்காலை வாய்க்கால் என எழுதியவாறே சேரியையும் எழுதினர். அவ்வளவிற்கு அது நிலத்தின் இயற்கைபோல் ஆகிவிட்டது. அவ்வூரிற் பிறந்த குழவி, தெரு இது, சேரி இது என்று கால்நடையிற் கற்கும். ஏன் என்று கேட்கும் அறிவு வருமுன்னரே கால் அதனைக் கற்று முடித்துவிடும். மலை ஏன் அங்கு உளது என்று கேட்பாரில்லாதவாறுபோலச் சேரி ஏன் அங்கு உளது என்று கேட்பாரும் இலராயினர்.

இடத்தாற் புகுந்த பழக்கம் இடத்தாலேயே நீங்குதற்குத் திருநீலநக்க நாயனார் வரலாறு சான்றாகும். சாத்தமங்கையில் வாழ்ந்த இவர், ஒருநாள் அயவந்தியில் பூசை முடித்திருக்குங்கால், சிவலிங்கத் திருமேனியில் விழுந்த சிலந்தியை மனைவியார் அன்பின் விரைவால் ஊதி உமிழ்ந்து போக்கினார். எச்சிற்பட்டதென்று நாயனார் சினந்து அவரைத் துறந்தார். அன்றிரவு இறைவன் தன் திருமேனியைக் காட்டி, உமிழ்ந்த இடம் ஒழிய எஞ்சிய இடமெல்லாம் கொப்புளித்திருத்தலைக் காணச் செய்தான். தூய்மை இன்னது என்று தாம் நெடுநாட் கொண்டிருந்த கருத்து அங்கே உடைந்தது.

இவரே பின்னர்த் திருஞானசம்பந்த சுவாமிகளைத் தம் இல்லத்தில் எதிர்கொண்டார். உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர்தம் மனைவியார்க்கும் இரவு தங்க இடம் கொடுக்கும்படி சுவாமிகள் பணித்தருளினார். பாணர் குலத்தினர்க்கு அந்நாளில் வேதியர் இல்லத்துள் இடம் இன்மை வெளிப்படை. திண்ணையிலோ பின்கட்டிலோ ஓரிடம் காட்டியிருப்பினும் பணித்தது முடிந்ததாகும். நீலநக்கரோ நடுமனையில் வேதி வளர்க்கும் இடத்தின் பாங்கரே அவர்களைத் தங்கச் செய்தார். வேதித் தீயும் முன்னிலும் மிக்கு வலஞ்சுழித்து எழுந்தது என்பது வரலாறு. சிலந்தியாற் பாடங் கற்றவர்க்கே வேதியின் அருகு இடங்கொடுக்கும் துணிவு வந்தது என்று அவ்விரு நிகழ்ச்சிகளின் வைப்புமுறையால் உய்த்துணரலாம். கண் ஒருமுறை திருத்தப்பெற்றால், பிறிதோர் இடத்திலும் அது நேரே காணும்.

இவ்விரு வரலாறுகளோடு திருநாளைப்போவார் வரலாற்றை ஒப்புநோக்குக. இவ்வரலாறு பல காலத்தும் பலராற் சொல்லப்பட்டமையால், ஒவ்வொரு காலத்தாரும் தாம் அறியாமலே அதனுள் வைத்த குறிப்பு யாது என்று காண்டற்கு ஏற்றதாகும்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவரைப் பெயரளவிற் குறித்துத் தம்மை இவர்க்கு அடியாராகச் சொல்லிக்கொள்கின்றார். குலம் பற்றி ஒரு சொல்லும் அங்கு இல்லை. அத்தொகை தில்லைவாழ் அந்தணரை முன்வைத்துத் தொடங்குவது. திருநீலகண்டரைக் குயவனார் என்று தொழிற்பெயரோடு சிறப்பு விகுதி கூட்டி வழங்குவது. ஆகவே சுவாமிகள் குலத்தை மறைத்தாருமல்லர். அதனை ஓர் அளவுகோலாகக் கொண்டாருமல்லர். அடியார் என்னும் ஒரு நிரையில் எல்லாரும் நிற்கின்றனர்.

பின்வந்த நம்பியாண்டார் நம்பிகள் தம் திருவந்தாதியில், ஆதனூரினராகிய இவர் தில்லையம்பலத்தான் அருளால் புலைமை நீங்கி, மூவாயிரவர் கைகூப்ப முனியாயினர் எனக் கூறினார். குலமும், அது நீங்குதலும், அதனைக் கண்டு கைகூப்புவாரும் இங்குத்தான் முதற்கண் எடுத்துரைக்கப்பெறுகின்றன. கூறும் நோக்கம் புகழ்தலே. எனினும், புகழ்தற்கு முன் ஒன்று நீங்கவேண்டியிருக்கின்றது.

அநபாயன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவராகிய சேக்கிழார் சுவாமிகள் இதனை விரித்தருளினார். அவர் ஆதனூர்ப் புலைப்பாடியை வருணிக்குந் திறம் வியக்கற்பாலது. குஞ்சுகளோடு திரியும் கோழிகளையும், மாமரத்தில் தூங்கும் பறைகளையும், தோலின்மேற் குழவியை உறங்கச் செய்யும் உழத்தியையும் அருவருப்பின்றி நின்று நோக்கிப் பாடுகின்றார். நந்தனார் என்று ஆர் விகுதி கொடுத்தே பெயர் சுட்டுகின்றார். ஊரார் விட்ட பறைத்துடவையாகிய நிலத்தை உணவுரிமையாகக் கொண்டு, சிவாலயங்களின் முரசு முதலியவற்றிற்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வாழ்ந்தார் என்கின்றார்.

இதனுள் ஓர் உண்மை அடங்கியுளது. அவர் கைபட்ட தோல் கோயிலுள் முழங்கியது. அவர் முறுக்கிய நரம்பு சந்நிதியில் இசைத்தது. அவர் கொடுத்த கோரோசனை திருமேனியிற் சாத்தப்பெற்றது. கொடுத்தவர் மட்டும் வாயிலுக்குப் புறத்தே நின்று ஆடியும் பாடியும் மகிழ்ந்தார். இம்முரண்பாட்டை அக்காலத்தார் ஒருவரேனும் கண்டு வினவியதாக வரலாற்றில் இல்லை. மறைத்தமையால் காணாராயினர் என்பது பொருந்தாது. நாடோறும் கண்ணெதிரே கிடந்தமையாலேயே காணாராயினர்.

இன்னும் நுண்ணியது ஒன்று உண்டு. சேக்கிழார் வாக்கில் நந்தனாரை இடைநின்று தடுத்தவர் எவரும் இலர். திருப்புன்கூரில் நந்தி விலகிற்று; தில்லை எல்லையில் யாரும் போ என்றாரல்லர். தம் பிறவி தடையென்று எண்ணித் தாமே எல்லையில் நின்றார். இரவும் பகலும் புறத்தே வலம்வந்தார். நாளைப் போவேன் என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டார். ஏவுவாரும் காவலரும் இன்றியே ஒருவரைப் புறத்து நிறுத்தும் ஆற்றல் அப்பழக்கத்திற்கு இருந்தது. உயர்ந்தோம் என்பார் உள்ளத்தில் எவ்வாறு அஃது உறைகின்றதோ அவ்வாறே, தாழ்ந்தோம் என்று கற்பிக்கப்பெற்றார் உள்ளத்திலும் உறைகின்றது. இவ்விரண்டாவதனையே சேக்கிழார் அத்தனை பரிவோடு காட்டியருளினார்.

முடிவில் இறைவன் நந்தனார்க்கும் தில்லை அந்தணர்க்கும் கனவில் உணர்த்த, அந்தணர் வந்து அவரை ஐயரே என அழைத்துத் தீயமைத்தனர். அவர் தீயினுட் புகுந்து, மார்பிற் பூணூல் விளங்க முனிவராய் எழுந்து, அம்பலத்துட் புகுந்து மறைந்தருளினார். தீப்புகுமுன்னரே அவர்கள் நாவில் ஐயரே என்னும் சொல் வந்துவிட்டமை கருதற்பாலது. இறைவன் ஆணை கேட்டவுடன் சொல் மாறியது. கண் மாறுதற்குமட்டும் உருவமும் மாறவேண்டியதாயிற்று.

நமிநந்தியடிகள் வரலாற்றினின்று இது வேறுபடும் இடம் இதுவே. ஆங்குக் காண்பார் மாறினார். ஈங்குக் காணப்படுவார் மாறினார். அற்றேல், தீ நந்தனாரைத் தூய்மை செய்தற்கு அமைந்ததெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. அவர் அன்பு முன்னரே முதிர்ந்தது என்பதற்குத் திருப்புன்கூரில் நந்தியை விலக்கிய திருவருளே சான்று. எனவே அத்தீ அவர்பொருட்டு அன்று, காண்பார்பொருட்டே என்று கோடல் பொருந்தும். உலகத்தார் கண் திருந்தும் அளவும் காத்திராது, அவர்கள் கண்ணுக்கு ஏற்ற உருவைக் கொடுத்து இறைவன் அடியாரை உள்ளழைத்தான். ஆயின் அங்ஙனம் அழைத்தமையால் உலகத்தார் கண் திருந்தியதா என்பது வேறு வினா. நந்தனார் முனிவராய் உட்சென்றார். ஆதனூரார் ஏனையோர் பண்டுபோலவே புறத்தே நின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். சேக்கிழார் கூறாத ஒருவர் அதனுள் வருகின்றார். அவர் நந்தனாரைப் பண்ணையாளாகக் கொண்ட வேதியர். நாற்பது வேலி நிலத்தை ஓர் இரவில் அறுவடை செய்து முடித்தாலன்றித் தில்லைக்குப் போதல் கூடாதென்று தடுப்பவர். இறைவன் பூதகணங்களால் அவ்வேலையை முடிப்பிக்க, அவர் மனம் மாறி நந்தனாரை வணங்குகின்றார். பறைத்துடவையில் உணவுரிமை பெற்று வாழ்ந்தவரைப் பண்ணையாளாக்கியது வரலாற்றுக்கு மாறுபட்டதாயினும், தஞ்சை நாட்டில் அக்காலத்து உழவுத்தொழிலாளர் இருந்த நிலைக்கு அது மாறுபட்டதன்று. அடிமைநிலையைச் சட்டம் ஏற்றுக்கொள்ளாதெனக் கும்பினியார் விதித்தது 1843-இல் தான். அதன் பின்னரும் பண்ணையாள் முறை நெடுங்காலம் நீடித்தது. பாரதியார் தாம் கண்ட துயரத்தைப் பாடினார். அதனால் பல்லாயிரவர் நந்தனார்பொருட்டுக் கண்ணீர் வடித்தனர். 1935-இலும் 1942-இலும் இவ்வரலாறு திரைப்படமாகவும் வந்து நாடெங்கும் பரவியது.

இதனால் விளைந்த நன்மை பெரிது; உடன் விளைந்த இழப்பும் ஒன்று உண்டு. தடுப்பவர் ஒருவர் கதையுட் புகுந்தவுடன், கேட்போர் தம் சினத்தையெல்லாம் அவர்மேற் செலுத்தினர். இறுதியில் அவர் திருந்தினார். கேட்போரும் மனநிறைவோடு தத்தம் இல்லம் மீண்டனர். மீண்டவிடத்துத் தம் வாயிலில் நிற்பவனை எங்கு நிறுத்தினர், எச்சொல்லால் அழைத்தனர் என்று எண்ணிப் பார்க்கும் தேவை அவர்க்கு எழவில்லை. சேக்கிழார் வாக்கில் குற்றவாளி என்று சுட்டுதற்கு எவருமில்லாமையால், படிப்பவர் தம்மையே நோக்கவேண்டியிருந்தது. பின்னையோர் கதையில் அந்நோக்கம் பிறர்மேற் சென்றது. ஆர் விகுதியும் பேச்சுவழக்கில் நழுவியது. நந்தனார் சரித்திரம் மக்கள் நாவில் நந்தன் சரித்திரமாயிற்று. அவர்பொருட்டு அழுதவர்களே அவர் பெயரைக் குறைத்து வழங்கினர் என்பதை அவர் அறிந்திலர்.

உயர்ந்த நிலையிலிருந்தார் ஒருவர் இப்பழக்கத்தினின்று விடுபட்டமைக்குச் சந்தான பரம்பரை ஒரு வரலாறு கூறும். சங்கற்ப நிராகரணத்தை 1313-இல் இயற்றிய உமாபதி சிவாசாரியார் தில்லைவாழ் அந்தணருள் ஒருவர். அவர் நடராசப் பெருமானைப் பூசித்துப் பகற்காலத்தே தீவட்டி முன்செல்லச் சிவிகையில் மீளும்போது, வழியில் இருந்த மறைஞான சம்பந்தர் அக்கோலத்தைச் சுட்டி, பகலிற் குருடு செல்கின்றது என்னும் கருத்துப்படக் கூறினார் என்பர். பகலில் விளக்கு எதற்கு என்று அதுகாறும் ஒருவரும் வினவிற்றிலர். தாங்குவாரும் வினவிலர், அமர்ந்தாரும் வினவிலர். அது மரியாதை என்று பெயர் பெற்றமையால் அதன் பயனின்மை தோன்றவில்லை. ஒரு சொல் கேட்டவளவில் உமாபதியார் சிவிகையினின்று இழிந்து அவர் பின்சென்றார். பாவு தோய்க்கும் கஞ்சியை நெசவு செய்வோர் வார்க்க மறைஞான சம்பந்தர் கையேந்தி உண்டனர். அவர் கைவழி ஒழுகியதனை உமாபதியார் பிரசாதமாக ஏற்றனர். அதனால் தம் இனத்தாரால் விலக்கப்பெற்றுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார். மடத்திற்கு விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பான் என்னும் புலையர்க்கு அவர் தீக்கை செய்து முத்தியளித்த செய்தியும் அப்பரம்பரையிலேயே வழங்குகின்றது. சிவிகையிலிருந்து காணப்படாத விறகு சுமப்பார், இழிந்து நடந்தவர்க்குக் காணப்பட்டார்.

பிற்காலத்தில் நிகழ்ந்த மாறுதல்கள் யாவரும் அறிந்தனவே. சுவாமி சகஜானந்தர் (1890–1959) சிதம்பரத்தில் நந்தனார் திருப்பெயராற் கல்விநிலையம் அமைத்து, எல்லையில் நின்றவர் வழியினர்க்கு எழுத்தறிவித்தார். திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. மதுரை மீனாட்சியம்மை ஆலயத்துள் 1939 சூலை 8-இல் அதுகாறும் விலக்கப்பெற்றிருந்தோர் சென்று வழிபட்டனர். 1947-இல் சென்னை மாகாணத்துக் கோயில்கள் சட்டத்தால் யாவர்க்கும் திறக்கப்பெற்றன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. நந்தனார் நாளை நாளை என்று எண்ணிய நாள் வந்தது. தீயும் வேண்டப்படவில்லை, உருவமாற்றமும் வேண்டப்படவில்லை.

சட்டம் வாயிலைத் திறக்கும், கண்ணைத் திறவாது. வாயில் திறந்த பின்னரும் ஊர்களில் தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுநாள் நின்றமை உலகறிந்தது. அதனைக் கொடியதென்று கண்டிப்பார் பலர். அவர்தாமும், ஒருவர் பெயர் கேட்டவுடன் ஊர் எது என்று வினவுதல், வயதில் மூத்தாரையும் தொழில் நோக்கி ஒருமையில் அழைத்தல், பந்தியில் ஓர் இலையை முன்னும் ஓர் இலையைக் கடையிலும் இடுதல் முதலியவற்றை ஆராயாது செய்வர். கேட்பின், வேறுபாடு கருதிச் செய்திலோம் என்பர். அஃது உண்மையே. கருதிச் செய்யாமையே அவ்வாசனையின் இலக்கணம்.

இந்நோய்க்கு மருந்து யாது? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு தொழுமாறு விதிக்கின்றது. இதனை வணக்க முறையாக மட்டும் கொள்வார் பலர். இது கண்ணுக்கு இட்ட பயிற்சியுமாம். பழக்கத்தாற் புகுந்தது பழக்கத்தாலன்றி நீங்காது. தாழ்வாகக் காணக் கற்ற கண்ணை, எதிர்வருவாரைச் சிவமாகக் காணுமாறு நாடோறும் பயிற்றவேண்டும். எண்ணாது பிழைக்கும் இடத்தில் எண்ணி நிற்றல் அப்பயிற்சியின் முதற்படி: அழைக்கும் சொல்லில் ஒருகணமும், காட்டும் இடத்தில் ஒருகணமும் தாழ்த்து நிற்றல். நீலநக்கர் வேதியின் அருகைச் சுட்டியது அத்தகையதொரு கணத்திலாதல் வேண்டும்.

நமிநந்தியடிகள் திருவாரூரிற் கண்ட சிவசாரூபக் காட்சி நெடிது நிற்கவில்லை. மக்கள் பண்டை உருவிலேயே மீண்டும் தோன்றினர். அவர்தம் குலமும் தொழிலும் உடையும் முன்போலவே இருந்தன. அடிகள் அதன்பின் ஏமப்பேறூரில் தங்காது, திருவாரூரிலேயே குடிபுகுந்து, எந்த மக்களோடு கலந்தமையால் நீராட எண்ணினாரோ அந்த மக்களின் நடுவிலேயே தம் வாழ்நாள் முழுதும் தொண்டு செய்திருந்தார். காட்சி ஒருகணத்தில் அருளாற் கிடைத்தது. அதற்கேற்ப வாழும் வாழ்வை அவர் நாடோறும் தாமே மேற்கொண்டார் என்பது தெளிக.